அடுத்த கப்பல் வரும்வரை

கார் நிக்கோபார் தீவில் ஒரு தமிழ் உபதேசியாரின் கதையும், சொந்தபந்தம் விட்டுப் போன ஊழியக் குடும்பங்களின் கதையும்

கார் நிக்கோபார் தீவின் வடபகுதியில் மூஸ் என்றொரு கிராமம். 1890களின் நடுவில் அங்கே குடியேறிய வேதப்பன் சாலமோன் என்ற சென்னைத் தமிழருக்கு ஆங்கிலேய அரசு ஒப்படைத்திருந்த வேலைகளைப் பார்த்தால், ஒரு சின்ன தாலுகா ஆபீஸையே அவர் தலையில் கட்டிவிட்டது போலிருக்கும். தீவில் அரசாங்கத்தின் ஏஜென்ட் அவர்தான். தேங்காய் ஏற்ற வரும் கப்பல்களுக்குத் துறைமுக அதிகாரியும் அவர்தான். வானிலையைப் பார்த்துக் குறித்து வைப்பது அவர் பொறுப்பு. பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. இவ்வளவுக்கும் நடுவே அவருடைய சொந்த வேலை வேறு: அவர் சபையின் உபதேசியார்.

உபதேசியார் என்றால் யார் என்று தென்மாவட்டக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குருப்பட்டம் பெற்ற ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார்; ஊரோடு கிடப்பவர் உபதேசியார். ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருவார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். சம்பளம் சொற்பம். ஆலயத்துக் கல்வெட்டில் ஐயர்மார் பெயர் வரிசையாக இருக்கும், உபதேசியார் பெயர் இருக்காது. இப்படி ஒரு கடைநிலை ஊழியர்தான் நிக்கோபார் வரலாற்றின் போக்கை மாற்றினார் என்பது எனக்கு இந்தக் கதையில் பிடித்த முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் அவ்வளவு எளிதில் பிடிபடுவதல்ல. சொந்தபந்தம் எதுவுமில்லாமல் ஒரு குடும்பம் போய்க் குடியேறிய இடம், சொந்தபந்தத்தைத் தவிர வேறு எதையுமே சமூகம் என்று கருதாத தீவு.

தரங்கம்பாடியிலிருந்து போனவர்கள்

சாலமோனுக்கு முன்னால் இந்தத் தீவுகளுக்கு வேதம் சொல்லப் போனவர்கள் கதை பெரும்பாலும் கல்லறைக் கதை. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. டென்மார்க் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் மொரேவியச் சகோதரர்கள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் 1760 முதல் ஒரு தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள். உழைத்துச் சாப்பிட்டு, கூடி ஜெபித்து வாழ்வது அவர்கள் வழக்கம். அந்தத் தோட்டம் அவர்களுக்கு இடைத்தங்கல்தான். போய்ச் சேர வேண்டிய இடம் நிக்கோபார். டென்மார்க் அரசு அந்தத் தீவுகளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது; அங்கே நிலையாகக் குடியிருக்க ஆள் வேண்டியிருந்தது. 1768-இல் சகோதரர்கள் நான்கவுரித் தீவில் இறங்கினார்கள்.

காட்டுக் காய்ச்சல் அவர்களை விட்டுவைக்கவில்லை. 1779-இல் அங்கே போய்க் கடைசிவரை இருந்த ஹென்சல் என்பவர், பல வருடங்களுக்குப் பிறகு எழுதிய கடிதங்கள் 1812-இல் லண்டனில் அச்சாயின. நான்கவுரியில் மண்ணுக்குப் போனவர்கள் 11 பேர் என்றும், நோயோடு தரங்கம்பாடி திரும்பி அங்கே இறந்தவர்கள் மேலும் 13 பேர் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். தரங்கம்பாடியிலிருந்து அரிசி, மருந்து, கடிதம் எதுவானாலும் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது காற்றின் கையிலும், ஐரோப்பாவில் நடக்கும் சண்டையின் கையிலும் இருந்தது. ஹென்சல் சிப்பிகளையும் பாம்புகளையும் பூச்சிகளையும் சேகரித்து விற்று, ஊழியச் செலவுக்குப் பணம் பார்த்திருக்கிறார். தீவு மொழி சரியாக வசப்படவில்லை. 1787-இல் கடையை மூடிவிட்டு அவர்கள் திரும்பியபோது ஞானஸ்நானம் பெற்ற நிக்கோபார்க்காரர் என்று காட்ட ஒருவரும் இல்லை.

கொசுதான் இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். சாலமோன் மூஸில் குடியேறியபோது அதுவும் தெரியாது.

துஹெட்

கார் நிக்கோபாரில் ஒருவரை 'நீ யார்?' என்று கேட்டால், அதற்குப் பதில் அவருடைய துஹெட். ஒரே மூத்தோர் வழியில் வந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, அவர்கள் பிள்ளைகள், கட்டி வந்தவர்கள், எடுத்து வளர்த்தவர்கள் என்று எல்லாரும் சேர்ந்த பெருங்குடும்பம் அது. தென்னந்தோப்பு துஹெட்டுடையது, தனி ஆளுடையது அல்ல. பன்றிகள் அப்படி, படகும் அப்படி. சமைப்பதும் உண்பதும் கூட்டாகவே. தேன்கூட்டைக் கவிழ்த்தது போன்ற உருண்டைக் கூரை போட்டு, உயரமான கால்களின் மேல் நிற்கும் அவர்களுடைய வீடுகளில் கதவுக்குப் பூட்டு என்ற பேச்சுக்கே இடமிருந்ததில்லை. கடற்கரையோரம் எல்பானம் என்ற பொது இடம். பிள்ளை பெறுவதற்கும் சாவுச் சடங்குக்கும் அங்கே தனித்தனி வீடுகள். புதைத்தவர்களின் எலும்பைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து, பன்றி அடித்து, ஊரையே அழைத்துப் பெருவிழா எடுப்பார்கள். செத்தவர்களும் துஹெட்டை விட்டுப் போவதில்லை.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. மாமன் சீர் இல்லாமல் காதுகுத்து நடக்குமா என்ன? ஆனால் நமக்கு அது விசேஷ நாள் விவகாரம். அவர்களுக்கு அன்றாடச் சோறு.

இப்படிப்பட்ட தீவில், எந்தத் துஹெட்டிலும் சேராத ஒரு வெளியூர்க்காரர் வந்து வீடு போடுகிறார் என்றால் அது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தென்னந்தோப்பில் பங்கில்லை. தோண்டி எடுத்து விழா கொண்டாட எலும்பில்லை. தேங்காய் வாங்க வரும் பர்மாக்காரரும் மலபார்க்காரரும் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், அவர்களைப் புரிந்துகொள்வது சுலபம். இவர் போகவே மாட்டேன் என்கிறார்.

சாலமோன் அங்கே நாட்குறிப்பு எழுதினார். அவற்றின் பகுதிகள் 1902-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. அந்தமான் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் தன்னுடைய 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைக்கும் சாலமோன் தந்த செய்திகளை நம்பினார். ஒரு தமிழ் உபதேசியார் எழுதிய குறிப்பு, அன்றைய உலக மானிடவியலாளர்கள் புரட்டிப் பார்த்த ஆவணம். நம்முடைய பண்பாட்டு வரலாறுகளில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

தீவின் இருண்ட பக்கமும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. பேய் பிடித்தவன், ஊருக்குக் கேடு செய்கிறவன் என்று முத்திரை குத்தப்பட்டவரை ஊரே கூடிக் கொல்லும் வழக்கம் அப்போது இருந்தது. அதிகாரிகள் அதைப் 'பேய்க் கொலை' என்று எழுதினார்கள். அரசாங்க ஏஜென்ட் என்ற முறையில் அதைப் பற்றிப் போர்ட் பிளேருக்குத் தகவல் அனுப்ப வேண்டியவர் சாலமோன். மறுநாள் காலையில் அதே ஊரின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டியவரும் அவரே. போலீஸ் இல்லை, பட்டாளம் இல்லை. அரசாங்க நீராவிக் கப்பல் அடுத்த முறை எட்டிப் பார்க்கும்வரை அவரும், அவர் வீடும், சுற்றிலும் ஏறத்தாழ 3,500 நிக்கோபார்க்காரர்களும். விசுவாசம் என்பதைப் பிரசங்க மேடையில் பேசுவது வேறு. புகார் எழுதிய கையால் மறுநாள் அதே ஊர்ப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் போட வைப்பது வேறு.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன்

சாலமோன் செய்தவற்றில் நிலைத்தது, பையன்களைச் சேர்த்து வைத்துப் படிக்கவைத்ததுதான். பிரசங்கத்தால் தீவு மாறிவிடவில்லை. அவர் காலத்தில் மதம் மாறியவர்கள் சொற்பம். ஆனால் பள்ளியில் ஹா செவ் கா என்றொரு சிறுவன் இருந்தான். 1884-இல் பிறந்தவன். ஜான் ரிச்சர்ட்சன் என்று பின்னால் உலகம் அறிந்த பெயர் அவனுடையது.

அன்றைக்கு அந்தமான் நிக்கோபார் சபைகள் ரங்கூன் பேராயத்தின் கீழ் இருந்தன. அதனால் சிறுவனை மேலே படிக்க அனுப்பியது சென்னைக்கு அல்ல, பர்மாவின் மாண்டலேவுக்கு. கதை இங்கே தலைகீழாகிறது. சொந்தத்தை விட்டுத் தீவுக்கு வந்தவர் ஒரு தமிழர். அவர் பேச்சைக் கேட்டுத் தீவை விட்டுக் கிளம்பியவன் ஒரு துஹெட்டின் பிள்ளை. பூட்டில்லாத வீட்டில் வளர்ந்தவனுக்கு விடுதி வாழ்க்கை. வாய்க்குப் பழகிய தாழம்பழ மாவும் இளநீரும் இல்லாத ஊர். தன் மொழி பேச ஆளில்லை. ஊழியத்துக்காக உறவைப் பிரிவது என்றால் நாம் மிஷனெரியைத்தான் நினைக்கிறோம். அவர்கள் கைக்கொண்டு வளர்த்த பிள்ளைகளும் அதே விலையைக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் யாரும் அவர்களைக் கேட்காமல்.

சாலமோன் 1909-இல் இறந்தார். ரிச்சர்ட்சன் 1912-இல் மூஸுக்குத் திரும்பி வந்து அவர் விட்ட வேலையை எடுத்துக்கொண்டார். பள்ளி நடத்தினார், பையன்களுக்குக் கால்பந்து ஆடச் சொல்லிக் கொடுத்தார், நிக்கோபார் மொழிக்கு ரோமன் எழுத்தைப் பழக்கினார். ஜார்ஜ் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயக் குரு கொஞ்ச காலம் உடனிருந்து, அந்த மொழிக்கு அகராதி தொகுத்தார். ஆனால் தீவில் நிலைத்தது ரிச்சர்ட்சன். காரணம் எளிது. அவருக்குத் துஹெட் இருந்தது. சாலமோன் எத்தனை வருடம் இருந்தாலும் வந்தவர், இவர் பிறந்தவர்.

1942-இல் ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. ஆங்கிலம் தெரிந்த ஒவ்வொருவர் மேலும் உளவாளி என்ற சந்தேகம் விழுந்தது. போரின் கடைசி மாதங்களில் கார் நிக்கோபாரில் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனின் மகனும் அப்படி இறந்தார். ரிச்சர்ட்சனும் பிடித்து வைக்கப்பட்டார். ஜப்பான் சரணடைந்ததால் அவர் உயிர் மிஞ்சியது. அதற்குப் பின் சில ஆண்டுகளில் ஏறக்குறைய தீவு முழுவதுமே கிறிஸ்தவத்துக்கு வந்தது. மரணத்தின் விளிம்பிலிருந்து மீண்டவரின் சொல்லுக்குத் தனி எடை வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். 1950-இல் அவர் பேராயர் ஆனார். 1952-இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நியமன உறுப்பினராக டெல்லிக்குப் போனார். 1965-இல் பத்மஸ்ரீ, 1975-இல் பத்மபூஷண். 1978-இல் மறைந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலும்பெடுக்கும் விழாவும் பன்றி விருந்தும் படகுப் பந்தயமும் கிறிஸ்தவம் வந்ததும் தீவில் அழிந்துபோகவில்லை. ஏதோ ஒரு வடிவத்தில் தொடர்ந்தன. துஹெட் அப்படியே நின்றது. வேறு பல இடங்களில் மிஷன் வந்ததும் பழைய உறவுமுறை சிதறியது உண்டு. இங்கே உறவுமுறை மதத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. மேய்ப்பர் வெளியாளாக இல்லாமல் துஹெட்டின் பிள்ளையாக இருந்ததால்தான் இது நடந்தது.

பிடியரிசியும் விடுதிப் பிள்ளைகளும்

சாலமோன் தீவில் இருந்த அதே காலத்தில் திருநெல்வேலியில் வேறொன்று நடந்தது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது கொள்கை. பெண்கள் தினமும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சங்கத்தைத் தொடங்கிய வேதநாயகம் அசரியா 1909-இல் தானே கிளம்பி, நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கலுக்குப் போனார். சாலமோன் இறந்த அதே ஆண்டு. அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்பு எட்டியவர். வரதட்சிணை இல்லாமல் நடந்த திருமணம் அவர்களுடையது. தமிழ் தெரியாத தெலுங்கு ஊரில் பிள்ளைகளை வளர்த்து, ஏழைப் பெண்களுக்கு நடுவே வேலை செய்து, 1912-இல் அசரியா இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் இந்தியப் பேராயர் ஆனபோதும் அதே தூசி படிந்த தெருவில் நடந்தவர். அசரியாவுக்குச் சரித்திரப் புத்தகத்தில் அத்தியாயம் உண்டு. அன்பு அம்மாளுக்கு ஒரு பத்தி.

இது வெறும் ஆண் பெண் கணக்கு அல்ல. 1959-இல் தோன்றிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு முதலான அமைப்புகள் தமிழ்க் குடும்பங்களை வடக்கே நூற்றுக்கணக்கான பணித்தளங்களுக்கு அனுப்பின. பணித்தளத்தில் நல்ல பள்ளிக்கூடம் இராது. ஆகவே பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் விடுதிக்குப் போவார்கள். அம்மா அப்பா ஒரு மாநிலத்தில், பிள்ளை இன்னொரு மாநிலத்தில், பாட்டி தாத்தா தமிழ்நாட்டில். சபைகளில் சாட்சி சொல்லும் மிஷனெரி ஐயா இந்தப் பிரிவைத் தியாகம் என்று சொல்வார். கூட்டம் அல்லேலூயா சொல்லும். அந்த அழைப்பு வந்தது பெற்றோருக்கு. விடுதிக் கட்டிலில் படுத்த பிள்ளைக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அப்படி வளர்ந்தவர்களில் பலர் இன்று அதே ஊழியத்தில் இருக்கிறார்கள், சிலர் ஆலய வாசலையே மிதிப்பதில்லை. இரண்டு பேர் சொல்வதையும் சபை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதலாமவர்தான் மேடைக்கு அழைக்கப்படுகிறார்.

தனிக்குடும்பம் தனியே போய் நிற்பதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அந்தமானிலேயே அது நடந்தது. 1918-இல் காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிகளைக் கத்தோலிக்க மிஷன் மூலமாகத் திரட்டிக் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் இனத்துக் குடும்பங்கள் வந்தன. அவர்கள் பாப்டிஸ்டுகள், போதகரையும் உடன் அழைத்தே வந்தார்கள். மாயாபந்தர் அருகே வேபி என்ற கிராமத்தை உண்டாக்கினார்கள். மொழி, பாட்டு, சமையல், கல்யாணச் சம்பந்தம் எல்லாம் கையோடு வந்தன. அவர்களுக்கும் ஊர் தூரம்தான். 1948-க்குப் பின் பர்மா வேறு நாடாகி இன்னும் தூரமானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பக்கத்தில் நிற்பது பெரியப்பா. சாலமோனுக்கு அது கிடைக்கவில்லை.

கேபிள் வந்த பிறகு

இன்று கார் நிக்கோபாருக்கு வெளியாள் நினைத்த மாத்திரத்தில் போய்விட முடியாது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே நிலம் வாங்கிக் குடியேற முடியாது. நல்ல சட்டம். 2018-இல் வடக்கு சென்டினல் தீவுக்குக் கள்ளத்தனமாகப் போய் உயிர்விட்ட அமெரிக்க இளைஞரை வைத்து மிஷனெரி என்றாலே இப்படித்தான் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மூஸில் உண்மையில் வேர்விட்ட ஊழியம், அரசு அறிய, ஊர் நடுவில், பல வருடம் தங்கி நடந்தது.

இப்போது அங்கே போகிற தமிழர்களில் ஆசிரியர் உண்டு, நர்ஸ் உண்டு, அரசு ஊழியர் உண்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டு மணி நேரச் சொச்சம்; கப்பல் என்றால் மூன்று நாள். அங்கிருந்து கார் நிக்கோபார் இன்னும் 270 கிலோமீட்டர். கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்த பிறகு பேரன் முகத்தைப் பாட்டி வீடியோ காலில் பார்க்கிறாள். ஊரில் அப்பா இறந்தால் அடக்க ஆராதனையைக்கூடச் செல்போனில் பார்த்துவிடலாம். மண் அள்ளிப் போடத்தான் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் கிறிஸ்துமஸ். காலையில் கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைக் கடல் துடைத்துப் போட்டது. மூஸ் தப்பவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தங்கள் இல்லங்களுக்கு அழைத்துப் போகிறோம் என்று பெருநிலத்திலிருந்து பல அமைப்புகள் வந்தன. அவற்றில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன, எல்லாம் நல்ல மனதோடுதான். நிக்கோபார்ப் பழங்குடித் தலைவர்கள் பிள்ளைகளைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். துஹெட் இருக்கும்போது எங்கள் பிள்ளைகளில் அனாதை யார் என்று கேட்டார்கள். ஹா செவ் காவை மாண்டலேவுக்கு அனுப்பிய தீவு இந்த முறை ஒருவரையும் அனுப்பவில்லை.

பிறகு அரசாங்கம் நிவாரணப் பணத்தை வங்கியில் தனித்தனிக் கணக்குகளில் போட்டது. பெருங்குடும்பம் கூடி உட்கார இடமில்லாத தகரக்கூரை வீடுகளைக் கட்டிக்கொடுத்தது: கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், கதவுக்குத் தாழ்ப்பாளோடு.